அப்பா அடம் பிடிக்கவில்லை, கால்தான் சொன்னபடி கேட்கவில்லை

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. பார்க்கின்சன் என்று கண்டுபிடித்து 7 வருடம் ஆகிறது. மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறார். ஒரு வருடமாக நடைதான் மோசமாகிவிட்டது. அறை வாசலுக்கு வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுகிறார், சில நேரம் குடுகுடுவென்று ஓடுகிறார். நான்கு சக்கர வாக்கர் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாளே வாக்கர் முன்னால் ஓடிவிட, இவர் குப்புற விழுந்தார். தம்பி நாலு கால் ஸ்டிக் வாங்கி வந்தான், அதை ஊன்றாமல் கையில் தூக்கிக்கொண்டே நடக்கிறார். இத்தனைக்கும் மாடிப்படி ஏறச் சொன்னால் நன்றாக ஏறுகிறார்! சமதரையில்தான் கால் வராது. வேண்டுமென்றே அடம் பிடிக்கிறார் என்று அம்மா கோபப்படுகிறார். எந்த வாக்கர் வாங்குவது? நிஜமாகவே அடம்தானா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது தெளிவானால்தான் எந்த வாக்கர் என்ற கேள்விக்கே அர்த்தம் வரும், வீட்டில் கோபமும் கொஞ்சம் அடங்கும். அப்பா அடம் பிடிக்கவில்லை. மாடிப்படி ஏறுகிறார், தரையில் நிற்கிறார் என்று நீங்கள் எழுதியிருப்பது அவர் பக்கத்துச் சாட்சி. பிசியோதெரபிஸ்டாக நான் பார்த்தவர்களில் அப்படியே செய்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு.

நாம் யாரும் யோசித்து நடப்பதில்லை. எழுந்தோம், நடந்தோம், அவ்வளவுதான். எந்தக் கால் முன்னால், எவ்வளவு தூரத்தில் வைப்பது, எப்போது எடை மாறுவது என்பதையெல்லாம் மூளையின் ஆழத்தில் உள்ள ஒரு பகுதி நமக்குத் தெரியாமலே பார்த்துக்கொள்கிறது. அந்த வேலைக்கு டோபமின் என்ற ரசாயனம் வேண்டும். பார்க்கின்சனில் டோபமினைச் சுரக்கும் செல்கள் அழிந்துகொண்டே வருகின்றன, அதனால் பழகிப்போன காரியங்கள் தானாக நடக்கும் அந்த ஓட்டம் கெட்டுவிடுகிறது. காலில் பலம் இருக்கிறது, ஆனால் தொடங்கு என்ற உத்தரவு உள்ளேயிருந்து சரியாக வருவதில்லை. மாடிப்படியில் என்ன ஆகிறது? ஒவ்வொரு படியும் கண்ணுக்கு எதிரில் ஒரு கோடு போட்ட மாதிரி நிற்கிறது, இங்கே வை, அடுத்தது இங்கே என்று. உள்ளேயிருந்து வராத உத்தரவை வெளியேயிருந்து படி கொடுத்துவிடுகிறது. சமதரையில் அப்படி ஒன்றும் இல்லை, அதனால் கால் காத்துக்கொண்டு நிற்கிறது. (அதற்காகப் படியில் தனியாக விட்டுவிடாதீர்கள், முக்கியமாக இறங்கும்போது. ஏற வருகிறது என்பதும் பத்திரமாக ஏறுகிறார் என்பதும் ஒன்றல்ல.)

இதைவிட ஆச்சரியமானதெல்லாம் உண்டு. நடையில் நாலு அடி வைப்பதற்குள் உறைந்து நின்ற ஒருவர் சைக்கிளில் ஏறியதும் சர்வசாதாரணமாக ஓட்டிப் போனதை நெதர்லாந்து மருத்துவர்கள் வீடியோ எடுத்து 2010இல் ஒரு பெரிய மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அப்பாவுக்குச் சைக்கிள் வாங்கித் தரச் சொல்லவில்லை, அம்மாவிடம் சொல்வதற்காக எழுதுகிறேன். குடுகுடுவென்று ஓடுகிறார் என்றீர்களே, அதுவும் புதிதல்ல. இந்த நோய்க்குத் தன் பெயரைக் கொடுத்த ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் எழுதிய கட்டுரையிலேயே, உடல் முன்னால் சாய்ந்து நடை தானாக ஓட்டமாக மாறுவதைச் சொல்லியிருக்கிறார். அவர் விவரித்த ஆறு பேரில் ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்தது மட்டும்தான். நடையை வைத்தே அடையாளம் தெரிந்திருக்கிறது.

சரி, வாக்கருக்கு வருவோம். முட்டி வலிக்காரர் தடி பிடிப்பது எடையைக் குறைக்க. காலில் பலம் இல்லாதவர் வாக்கர் பிடிப்பது தாங்கிக்கொள்ள. அப்பாவுக்கு இந்த இரண்டும் இல்லை. அவருக்குக் குறைவது நடையைத் தொடங்குவது, அடியின் நீளம், தாளம், அப்புறம் சமநிலை. இதில் எது அதிகமாகக் குறைகிறது என்று பார்க்காமல் ‘வயதானவர், தடுமாறுகிறார், ஒரு வாக்கர் இருந்தால் நல்லது’ என்று வாங்கினால் நீங்கள் பட்ட அனுபவம்தான். இதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை, கடையில் யாரும் இதைக் கேட்பதில்லை.

தம்பி வாங்கிய நாலு கால் ஸ்டிக்கைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மன்னியுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே ஒருவருக்கு அதைக் கொடுத்திருக்கிறேன். ஸ்திரமாக நிற்கும் பொருள், ஆகவே இவரும் ஸ்திரமாக நடப்பார் என்பது என் கணக்கு. அவரும் இரண்டே நாளில் அதைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார், ஒருநாள் அதன் கால் அவர் காலில் தட்டி விழவும் செய்தார். அந்த ஸ்டிக் ஒழுங்காக நிற்க நாலு காலும் ஒரே சமயத்தில் தரையில் படிய வேண்டும். நிறுத்தி, பார்த்து, ஊன்றி, பிறகு அடி வைக்க வேண்டும். ஏற்கெனவே ஒவ்வொரு அடியையும் யோசித்து வைக்க வேண்டியிருக்கிற மனிதரிடம் இன்னொரு யோசிக்கும் வேலையைக் கொடுக்கிறோம். அவர் மூளை இரண்டில் ஒன்றை விட்டுவிடுகிறது, விடுவது ஸ்டிக்கை. பார்க்கின்சனுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதே இல்லை.

சக்கரமே இல்லாத, தூக்கித் தூக்கி வைக்கும் வாக்கருக்கும் இதே கதைதான். தூக்கு, வை, ஒரு அடி, மறு அடி, திரும்பத் தூக்கு. நடை நடுவில் அறுந்து அறுந்து போகும், உறைந்து நிற்பதும் கூடலாம். தூக்கும்போது உடல் பின்னால் சாய்ந்தால் விழ வேண்டியதுதான். எலும்பு முறிந்தவருக்கு அருமையான கருவி, அப்பாவுக்கு அல்ல.

நீங்கள் வாங்கிய நான்கு சக்கர வாக்கர் பாதி சரியான முடிவு. சக்கரம் இருந்தால் நடை அறுபடாமல் ஓடும், திரும்புவதும் சுலபம், பார்க்கின்சன் உள்ள பலருக்குப் பொருந்துகிற வகையும் அதுதான். ஆனால் அப்பாவுக்கு ஓட்டம் பிடிக்கும் பழக்கம் இருக்கிறதே. உடலின் எடை முன்னால் போகிறது, அதைப் பிடிக்கக் கால் சின்னச் சின்ன அடியாக விரைகிறது, கையோ வாக்கரை இன்னும் முன்னால் தள்ளுகிறது. சாதாரண வாக்கரில் சைக்கிள் மாதிரி பிரேக்கை அழுத்தினால்தான் நிற்கும். அந்தப் பதற்றத்தில், கையும் மெதுவாக வேலை செய்கிற ஒருவர், சரியான நொடியில் இரண்டு பிரேக்கையும் அழுத்துவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. மாறாகக் கால் வாசலில் ஒட்டிக்கொண்டாலும் இதே கதி. கால் நின்றுவிட்டது, சக்கரம் நிற்கவில்லை.

இதற்கென்றே தலைகீழ் பிரேக் உள்ள வாக்கர் இருக்கிறது. கைப்பிடியை அழுத்தினால் சக்கரம் உருளும், விட்டால் நிற்கும். தடுமாறிக் கையை எடுத்துவிட்டாலும் அது ஓடிப்போகாது. அடிப்பாகம் கனமாகவும் அகலமாகவும் இருப்பதால் எளிதில் கவிழாது. சிலவற்றில் சக்கரத்தின் வேகத்தையே இறுக்கிக் குறைத்து வைக்கலாம், சிலவற்றில் தரையில் ஒரு லேசர் கோடு விழும், அந்தக் கோட்டைத் தாண்டி அடி வைக்க வேண்டும். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொல்வதென்றால் அப்பாவுக்கு முதலில் முயன்று பார்க்க வேண்டியது இந்த வகை. குறையும் உண்டு. கனமாக இருக்கும், வண்டியில் தூக்கி வைக்கச் சிரமம், குறுகலான கழிப்பறைக்குள் நுழையாது. சிலர் பதற்றத்தில் கைப்பிடியை விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள், அவர்களிடம் அது தலைகீழாக வேலை செய்துவிடும். அதனால்தான் பத்து நிமிடம் கடையில் நடந்து பார்த்து வாங்காதீர்கள் என்கிறேன். வாடகைக்கோ இரவலுக்கோ கிடைத்தால் ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பாருங்கள், ஒரு பிசியோதெரபிஸ்ட் கூட இருக்கும்போது. லேசர் கோடும் எல்லாருக்கும் வேலை செய்வதில்லை. சிலருக்கு மந்திரம் போட்டது போல் இருக்கும், சிலர் அதைக் கவனிக்கவே மாட்டார்கள்.

உயரம்: அவர் செருப்போ ஷூவோ போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடும்போது மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அங்கே கைப்பிடி இருக்க வேண்டும், முழங்கை லேசாக மடங்கியிருக்கும். அவர் வழக்கமாகக் கூனி நிற்கும் நிலையில் அளந்தால் கைப்பிடி தாழ்வாகப் போய் இன்னும் கூன வைக்கும். நடக்கும்போது உடல் வாக்கருக்குள் இருக்க வேண்டும், அதைத் துரத்திக்கொண்டு பின்னால் போகக் கூடாது.

எந்த வாக்கரும் பின்னால் விழுவதைத் தடுக்காது. பார்க்கின்சன் உள்ளவர்கள் அலமாரியைத் திறக்கும்போது, கதவை இழுக்கும்போது, திரும்பும்போது பின்பக்கமாகச் சாய்வது சகஜம். முன்னால் ஒரு வாக்கரைப் பிடித்திருந்தால் அது அப்படியே கூடச் சாயும். அப்பா பெரும்பாலும் பின்பக்கம்தான் விழுகிறார் என்றால் வாக்கர் விஷயத்தை ஓரமாக வைத்துவிட்டு முதலில் நரம்பியல் மருத்துவரையும் பிசியோதெரபிஸ்டையும் பாருங்கள்.

அவர்களிடம் போவதற்கு முன் ஒரு வேலை. ஒரு வாரத்துக்கு, மாத்திரை சாப்பிட்ட நேரத்தையும் கால் ஒட்டிக்கொண்ட நேரத்தையும் விழுந்த நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பார்க்கின்சனுக்குப் பொதுவாகத் தரும் லெவோடோபா மாத்திரை வேலை செய்யும் நேரம், அதன் வேகம் தீர்ந்துபோன நேரம் என்று இரண்டு உண்டு. அடுத்த மாத்திரைக்கு அரை மணி, ஒரு மணி முன்னால்தான் கால் ஒட்டுகிறது என்று தெரிந்தால் அளவையோ இடைவெளியையோ மருத்துவர் மாற்றினாலே நடை திரும்பக்கூடும். அப்போது நீங்கள் வாங்க இருந்த வாக்கர் வேறாகலாம், வேண்டாமலே போகலாம். மாத்திரை நன்றாக வேலை செய்யும்போதும் ஒட்டுகிறது என்றால் அது வேறு கணக்கு, அங்கேதான் கோடு, தாளம், பயிற்சி எல்லாம் பெரிய வேலை செய்யும். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ செய்யாதீர்கள். திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். வேறு எதற்காகவாவது புது மாத்திரை ஆரம்பித்திருக்கிறாரா என்றும் பாருங்கள். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு, தலைச்சுற்றலுக்குத் தரும் சின்னரிசின், மனநலத்துக்கான சில மருந்துகள் பார்க்கின்சன் நடையை மோசமாக்கும். எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

படுத்திருந்தவர் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். படுக்க வைத்து ஒரு முறை, நின்ற பின் மூன்று நிமிடத்துக்குள் மறுபடி. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அது கவனிக்க வேண்டிய விஷயம். எழுந்தவுடன் விழுகிறவர்களில் சிலர் விழுவது கால் ஒட்டியதால் அல்ல, இதனால்தான். அப்புறம், ஒரு வருடமாக மெதுவாக மோசமாவது வேறு, இரண்டு மூன்று நாளில் திடீரென்று மோசமாவது வேறு. திடீரென்று என்றால் சிறுநீர்த் தொற்று போல ஏதாவது இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் கை கால் விழுந்தாலோ பேச்சு குழறினாலோ வாய் கோணினாலோ பக்கவாதமாக இருக்கலாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இனி, வாசலில் நின்றுவிட்டால் என்ன செய்வது. நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் எனக்குத் தெரியும்: யாராவது முன்னால் போய் இரண்டு கையையும் பிடித்து இழுக்கிறீர்கள், இன்னொருவர் பின்னாலிருந்து ‘நடங்கப்பா, நடங்க’ என்கிறார். எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கிறது. இழுத்தால் உடல் மட்டும் முன்னால் வரும், கால் அங்கேயே இருக்கும். அவசரப்படுத்தினால் பதற்றம் கூடும், பதற்றம் கூடினால் இன்னும் இறுகிக்கொள்ளும். பக்கவாட்டில் கொஞ்சம் பின்தள்ளி நில்லுங்கள். முதலில் அவர் முயற்சியையே நிறுத்தச் சொல்லுங்கள். நிற்கட்டும், மூச்சு விடட்டும், நிமிரட்டும். அப்புறம் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றி இடமும் வலமுமாக இரண்டு மூன்று முறை அசையச் சொல்லுங்கள். எடை முழுதாக ஒரு காலில் இறங்கினால்தான் மற்றக் கால் தூக்க வரும், ஒட்டிக்கொள்வதில் பாதிச் சிக்கல் அதுதான். பிறகு ‘ஒன்று, இரண்டு, மூன்று’ எண்ணி, மூன்றில் பெரிய அடி. அதுவும் நடக்கவில்லை என்றால் உங்கள் பாதத்தை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைத்து ‘என் காலைத் தாண்டுங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள், உங்கள் கை அவர் பக்கத்திலேயே இருக்கட்டும். மாடிப்படி செய்கிற வேலையை உங்கள் பாதம் செய்கிறது. ஒரே ஆள், ஒரே வார்த்தை, ஒரே முறை. வீடே சேர்ந்து யோசனை சொல்லக் கூடாது.

தாளமும் உதவும். அவர் நடைக்கு ஏற்ற வேகத்தில் போனில் மெட்ரோனோம் (டக் டக் என்று சீராகத் தாளம் போடும்) செயலி வைக்கலாம், கை தட்டலாம், அவரே முணுமுணுத்து எண்ணலாம். ஓட்டம் பிடிப்பவருக்குத் தாளத்தைக் கொஞ்சம் மெதுவாக வைத்து, அடியை நீளமாக வைக்கச் சொல்ல வேண்டும். வேகமாக வைத்தால் ஓட்டத்துக்கு நீங்களே உதவி செய்கிற மாதிரி ஆகிவிடும்.

நடக்கும்போது அவரிடம் பேசாதீர்கள், கையில் தட்டோ டம்ளரோ கொடுக்காதீர்கள். கொஞ்சம் கடுமையாகத் தெரியும், ஆனால் நடை அவருக்கு இப்போது யோசித்துச் செய்யும் வேலை. யாராவது கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்து விழுந்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். பேச வேண்டுமென்றால் நின்று பேசட்டும். திரும்பும்போது ஒரே இடத்தில் குதிகாலைத் திருகித் திரும்பாமல், இடம் இருந்தால் வண்டி திரும்புவது போல அகலமாக வளைந்து வரட்டும், இடம் இல்லாவிட்டால் கடிகார முள் மாதிரி ஒவ்வொரு மணியாகக் காலைத் தூக்கித் தூக்கி வைத்துத் திரும்பட்டும். நாற்காலியில் உட்காரும்போது இன்னொரு வம்பு இருக்கிறது. நாற்காலி கண்ணில் பட்டதும் வாக்கரை ஓரமாக விட்டுவிட்டுக் கையை நீட்டித் தாவுவார்கள், கடைசி இரண்டு அடியில் விழுவார்கள். வாக்கரோடு திரும்பி, காலின் பின்பக்கம் நாற்காலியில் படும் வரை பின்னால் வந்து, பிறகுதான் கை மாற வேண்டும். வாக்கரிலேயே சீட் இருந்தால் பூட்டு போடாமல் உட்கார வேண்டாம், அவரை அதில் உட்கார வைத்து யாரும் தள்ளவும் வேண்டாம். நீண்ட தூரத்துக்குச் சக்கர நாற்காலியே எடுங்கள், அதில் வெட்கம் என்ன இருக்கிறது, வீட்டுக்குள் நடக்கும் நடைக்குத் தெம்பு மிச்சமாகும்.

இரவு தனி விஷயம். மாத்திரையின் வேகம் குறைந்திருக்கும், இருட்டு, தூக்கக் கலக்கம், சிறுநீர் அவசரம், நாலும் சேர்ந்து வருகிற நேரம். படுக்கை பக்கத்திலேயே சிறுநீர்க் குடுவை வைப்பது எந்த வாக்கரையும்விட நல்ல முதலீடு. கழிப்பறையில் சுவரில் பதித்த கைப்பிடி இருக்கட்டும். பின்வார் இல்லாத செருப்பை எடுத்துவிடுங்கள். ரொம்பப் பிடித்து இழுக்கும் ரப்பர் அடிப்பாகமும் காலைத் தேய்த்து நடப்பவருக்கு ஆகாது, தட்டிவிடும்.

பணம் செலவழிப்பதற்கு முன், இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று. தரையின் நிறத்துக்கு நன்றாக எடுத்துத் தெரியும் ஒட்டு டேப் ஒரு சுருள் வாங்கி, அப்பா ஒட்டிக்கொண்டு நிற்கும் வாசலில், அவர் நடக்கும் திசைக்குக் குறுக்கே, ஏணி மாதிரி கோடுகள் ஒட்டுங்கள். இடைவெளி இப்போது அவர் வைக்கும் அடியைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவு போதும். கோட்டின் மேல் மிதிக்கச் சொல்லாமல் தாண்டச் சொல்லுங்கள். வாசலில் மட்டும் ஒட்டினால் வாசலுக்கு முன்னாலேயே நின்றுவிடுவார், அதனால் ஏழெட்டு அடி முன்னாலிருந்து தொடங்கி, வாசலைத் தாண்டி அந்தப் பக்கமும் நாலைந்து கோடு போட வேண்டும். டேப் ஓரம் கிளம்பியிருந்தால் அதுவே தடுக்கிவிடும், தினமும் ஒரு கண் வைத்திருங்கள். முதல் நாள் அவர் நடக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள், தம்பியைப் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். டேப் இல்லாமல் நடந்ததையும் இருக்கும்போது நடந்ததையும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆஸ்பத்திரி நடைபாதை அகலமாக, நேராக இருக்கும், அங்கே அப்பா நன்றாகவே நடந்து காட்டிவிடுவார்.